முக்கோணவியல் சமன்பாடுகளை அலகு வட்டத்தில் தீர்ப்பது: முதலில் கோடு, அப்புறம் கோணம்

சைன் தீட்டா = 1/2 என்றால் தீட்டா எவ்வளவு? பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் கேட்டால் "முப்பது" என்று சட்டென்று பதில் வரும், பேனாவும் மூடிவிடும். முப்பது சரிதான். ஆனால் அது பாதி விடை.

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டு முகப்பில் உட்கார்ந்து மாலை நேரங்களில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கோட்டையூர், கண்டனூர், புதுவயல் பக்கத்திலிருந்து பிள்ளைகள் பள்ளி விட்டதும் பஸ் ஏறி வருவார்கள். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். தடுமாறுவது வரிசையில்தான். சமன்பாட்டைப் பார்த்தவுடன் கோணத்தைத் தேடுகிறார்கள். வட்டத்தின் மேல் எந்தெந்தப் புள்ளிகள் என்று முதலில் பார்த்துவிட்டால், கோணம் கடைசியில் தானாக வந்து நிற்கும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து எண்கள் வேண்டும்: 0, 1/2, √2/2, √3/2, 1. இவற்றின் தசம மதிப்புகள் 0, 0.5, 0.707, 0.866, 1. கோணம் 0°, 30°, 45°, 60°, 90° என்று ஏறும்போது சைன் இதே வரிசையில் ஏறும், காஸ் இதே வரிசையைப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு இறங்கும். டேன் மதிப்புகள் 0, 1/√3, 1, √3. 90°-க்கு டேன் கிடையாது. அட்டவணையை நெட்டுருப் போடுவதைவிட, இந்த ஐந்து எண்களும் வட்டத்தில் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது. தசம மதிப்பு தெரிந்தால் படத்தில் எவ்வளவு தூரம் தள்ளிக் கோடு போடுவது என்று கைக்குத் தெரியும்.

இரண்டாவது, சைன் என்றால் என்ன என்பதில் ஒரு மாற்றம். பத்தாம் வகுப்பில் "எதிர்ப்பக்கம் கீழ் கர்ணம்" என்று படித்தோம். செங்கோண முக்கோணத்தில் மற்ற இரண்டு கோணங்களும் 90°-க்குக் குறைவாகத்தான் இருக்க முடியும். 150° என்ற கோணத்துக்கு அங்கே இடமே இல்லை. அந்த முக்கோணத்தை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் முப்பதோடு நின்றுவிடுவது இயல்பு. பிள்ளைகள் மேல் தவறில்லை. படம் சிறியது, அவ்வளவுதான்.

அலகு வட்டத்தில் சொல்வது இப்படி. ஆரம் 1 உள்ள வட்டம். வலது ஓரத்திலிருந்து கிளம்பி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தீட்டா அளவு சுற்றி ஒரு புள்ளியில் நிற்கிறீர்கள். அந்தப் புள்ளியின் உயரம் சைன் தீட்டா. நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் அது தள்ளி நிற்கும் தூரம் காஸ் தீட்டா. கீழே இருந்தால் சைன் குறை எண், இடப்பக்கம் இருந்தால் காஸ் குறை எண். உயரத்தைப் பக்கவாட்டுத் தூரத்தால் வகுத்தால் டேன், அதாவது மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்குப் போகும் கோட்டின் சாய்வு.

கிடை அச்சும் நெடுக்கு அச்சும் வட்டத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கின்றன; வலது மேல்பகுதி முதலாவது, அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எண்ண வேண்டும். எந்தக் கால்பகுதியில் எது மிகை, எது குறை என்பதற்கு "ஆல் சில்வர் டீ கப்ஸ்" (முதலில் எல்லாம், இரண்டில் சைன், மூன்றில் டேன், நான்கில் காஸ் மிகை) என்று ஒரு வாசகம் பள்ளிகளில் உண்டு. அது வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மேலா கீழா, வலமா இடமா என்று படத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்கு அது தேவைப்படாது. வாசகத்தை மட்டும் நம்பியவர் பரீட்சைப் பதற்றத்தில் இரண்டாம் கால்பகுதியையும் நான்காம் கால்பகுதியையும் மாற்றிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, கோணத்தை அளக்க டிகிரி போல ரேடியன் என்று இன்னொரு அலகும் உண்டு: 180° = பை ரேடியன். 30° பை/6, 45° பை/4, 60° பை/3. இங்கே நான் டிகிரியில் எழுதுகிறேன். கேள்வி ரேடியனில் இருந்தால் விடையும் ரேடியனில்தான் இருக்க வேண்டும்.

2. ஒரு பெரிய வட்டம் போடுங்கள்

நோட்டின் மூலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் போட்டால் ஒன்றும் தெரியாது. கட்டம் போட்ட தாளில் பத்துக் கட்டம் ஆரம் வைத்துக் காம்பஸால் போடுங்கள். அப்போது அரை என்பது ஐந்தாவது கட்டக் கோடு, 0.866 என்பது எட்டாவது கோட்டைத் தாண்டி ஒன்பதாவது கோட்டை நெருங்கும் இடம்.

நாங்கள் போடுவது தரையில். முகப்பில் பதித்திருப்பது ஆத்தங்குடிக் கல், எங்கள் தரையில் ஒவ்வொன்றும் பத்து அங்குலச் சதுரம். நான்கு கல்லும் சேரும் ஒரு மூலையை மையமாக வைத்து, ஒருவர் நூலின் நுனியை விரலால் அழுத்திக்கொள்வார். இரண்டு கல் நீளம், அதாவது இருபது அங்குலம் நூலை விட்டு, மறுநுனியில் சாக்பீஸைக் கட்டி இன்னொருவர் சுற்றி வருவார். அந்தக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுத்தது, வழுவழுப்பாக இருக்கும். சாக்பீஸைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டால்தான் கோடு பிடிக்கும். வீட்டு ஆச்சிக்கு இதில் ஒரே நிபந்தனை: "வெளக்கு வைக்கிறதுக்குள்ள தொடச்சிருங்கப்பா." ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும்.

ஆரம் இரண்டு கல் என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு கல் ஒரு அலகு என்றால் ஒரு கல் அரை அலகு. மையத்துக்கு ஒரு கல் மேலே, கல்லும் கல்லும் சேரும் கிடைக்கோடு ஏற்கெனவே தரையில் ஓடுகிறது. சைன் தீட்டா = 1/2 என்ற சமன்பாடு அந்தக் கோடுதான். அதன் மேல் சாக்பீஸை ஓட்டினால் வட்டத்தை வலப்பக்கம் ஒரு இடத்தில் வெட்டும். அப்படியே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போன ஒரு பிள்ளை, "சார், இந்தப் பக்கமும் வெட்டுதே!" என்று நிமிர்ந்து பார்த்தது எனக்கு மறக்காது. 150° என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வெட்டுப்புள்ளியிலிருந்து நடுவில் ஓடும் நெடுக்குக் கோடு வரை டேப் வைத்து அளந்தால் பதினேழே காலுக்குக் கொஞ்சம் மேல் வரும். 17.32-ஐ 20-ஆல் வகுத்தால் 0.866. அதுதான் √3/2, காஸ் 30°. அட்டவணையில் எழுதியிருந்த எண்ணைத் தரையில் அளந்து பார்த்தவர்கள் பிறகு அதை மறப்பதில்லை.

3. சைனையோ காஸையோ தனியாக நிறுத்துங்கள்

கோடு போட வேண்டுமானால் எந்த உயரத்தில் என்று தெரிய வேண்டும். 2 சைன் தீட்டா − 1 = 0 என்று இருக்கும்வரை அது தெரியாது. 1-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய், 2-ஆல் வகுத்து, சைன் தீட்டா = 1/2 என்று ஆக்குங்கள்.

இங்கே வரும் தவறு: 2 சைன் தீட்டா = 1 என்பதைச் சைன் 2 தீட்டா = 1 என்று எழுதிவிடுவது. வெளியே நிற்கும் 2 உயரத்தை இரட்டிப்பது. உள்ளே இருக்கும் 2 கோணத்தை இரட்டிப்பது. இரண்டும் வேறு கணக்கு.

தனியாக நிறுத்தியதும் ஒரு கணம் நில்லுங்கள். கிடைத்த எண் −1-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கிறதா? 2 சைன் தீட்டா = 3 என்றால் சைன் தீட்டா = 1.5. தரையில் அது மூன்று கல் மேலே ஓடும் கோடு. வட்டம் இரண்டு கல்லோடு முடிந்துவிட்டது. கோடு வட்டத்தைத் தொடவே தொடாது, தீர்வு இல்லை. "தீர்வு இல்லை" என்பதும் முழு விடைதான், அதைத் தைரியமாக எழுதலாம். டேனுக்கு இந்தச் சோதனை கிடையாது. சாய்வு எந்த எண்ணாகவும் இருக்கலாம்.

4. கோடு போடுங்கள், வெட்டும் இடங்களை எண்ணுங்கள்

சைன் என்றால் கிடைக்கோடு, ஏனென்றால் அது உயரம். காஸ் என்றால் நெடுக்குக் கோடு, ஏனென்றால் அது பக்கவாட்டுத் தூரம். டேன் என்றால் மையத்தின் வழியாகப் போகும் சாய்கோடு.

காஸ் தீட்டா = 1/2-க்கு வலப்பக்கம் ஒரு கல் தள்ளி ஓடும் நெடுக்குக் கோட்டைப் பாருங்கள். அது வட்டத்தை மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை வெட்டுகிறது: 60°, 300°. இங்கே 120° என்று எழுதுகிறவர்கள் நிறைய. சைனுக்கு 180°-லிருந்து கழித்த பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டிருப்பதால் வரும் தவறு அது. 120° இடப்பக்கம் இருக்கிறது, நம் கோடு வலப்பக்கம். கோடு போட்டிருந்தால் அந்தத் தவறு நடந்திருக்க வழியில்லை.

டேன் தீட்டா = 1-க்கு மையத்திலிருந்து கல்லின் மூலைவிட்டம் வழியாகக் கோடு. ஒரு கல் வலம் போனால் ஒரு கல் மேலே, சாய்வு 1. அந்தக் கோடு மையத்தைத் தாண்டி மறுபக்கமும் போகும். ஆகவே 45°, 225°. டேனின் இரண்டு தீர்வுகளும் எப்போதும் நேரெதிரே, 180° இடைவெளியில் இருக்கும்.

எத்தனை இடத்தில் வெட்டுகிறது என்பதை முதலில் எண்ணி நோட்டில் எழுதிவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு. சைன் தீட்டா = 1 என்றால் கோடு வட்டத்தின் உச்சியை ஒரே இடத்தில் தொட்டுக்கொண்டு போகும், அதனால் 90° மட்டும். எத்தனை விடை வர வேண்டும் என்று முன்பே தெரிந்தால், ஒன்று விட்டுப்போனால் உடனே தெரியும்.

5. இப்போதுதான் கோணம்

வெட்டுப்புள்ளியிலிருந்து மையத்துக்கு ஒரு கோடு இழுங்கள். அது கிடை அச்சோடு ஏற்படுத்தும் குறுங்கோணத்தைக் குறிப்புக் கோணம் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடிக்கக் குறையைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள். சைன், காஸ் கணக்குகளில் பெரும்பாலும் முதல் படியில் சொன்ன ஐந்து எண்களில் ஒன்றாக அது இருக்கும்.

எடுத்துக்காட்டு: 2 காஸ் தீட்டா + √3 = 0. தனியாக நிறுத்தினால் காஸ் தீட்டா = −√3/2. இடப்பக்கம் 0.866 தள்ளி ஒரு நெடுக்குக் கோடு. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு புள்ளிகள். குறையைக் கழற்றினால் √3/2. காஸ் 30° = √3/2, ஆகவே குறிப்புக் கோணம் 30°. மேல்புள்ளி 180° − 30° = 150°. கீழ்ப்புள்ளி 180° + 30° = 210°.

முதல் கால்பகுதியில் குறிப்புக் கோணமே விடை. இரண்டாவதில் 180°-லிருந்து கழிக்க வேண்டும், மூன்றாவதில் 180°-ஓடு கூட்ட வேண்டும், நான்காவதில் 360°-லிருந்து கழிக்க வேண்டும். எல்லாவற்றிலும் 180°, 360° மட்டும் வருவதைக் கவனியுங்கள். அளப்பது எப்போதும் கிடை அச்சிலிருந்து. 90°-ஓடு கூட்டியோ 270°-லிருந்து கழித்தோ தொடங்கினால், சைனும் காஸும் இடம் மாறிவிடும். நெடுக்குக் கோடு போட்டிருக்கிறோமே என்று கோணத்தையும் நெடுக்கு அச்சிலிருந்து அளப்பது காஸ் கணக்குகளில் அடிக்கடி நடக்கிறது.

கால்குலேட்டர் பரீட்சையில் கிடையாது, ஆனால் வீட்டில் போனில் சரிபார்க்கிறார்கள். அதில் இரண்டு பள்ளங்கள். ஒன்று, −1/2-க்குச் சைன் நேர்மாறு (எந்தக் கோணத்தின் சைன் அது என்று) கேட்டால் −30° என்று ஒரே விடை தரும். அது ஒரு புள்ளியைத்தான் சொல்கிறது. அதே புள்ளி 330°. இன்னொரு புள்ளியான 210°-ஐ நீங்கள்தான் படத்தில் பார்க்க வேண்டும். இரண்டாவது, போன் ரேடியனில் இருந்தால் சைன் 30 என்று அடிக்கும்போது −0.988 என்று வரும். 0.5 வராவிட்டால் டிகிரிக்கு மாற்றுங்கள்.

6. கேட்டிருக்கும் இடைவெளி என்ன?

கேள்வியைத் திரும்பப் படியுங்கள். 0°-லிருந்து 360° வரை என்று கேட்டால் ஒரு சுற்று, வேலை முடிந்தது. −180°-லிருந்து 180° வரை என்று கேட்டால், 210° என்பதை −150° என்று எழுத வேண்டும். அதே புள்ளிக்குக் கடிகாரத் திசையில் போவது. முதன்மைத் தீர்வு கேட்டால் ஒன்றுதான்: சைனுக்கும் டேனுக்கும் −90°-க்கும் 90°-க்கும் நடுவில், காஸுக்கு 0°-க்கும் 180°-க்கும் நடுவில்.

பொதுத் தீர்வு என்றால் எத்தனை சுற்று சுற்றினாலும் வரும் எல்லா விடைகளும். திருவிழா ராட்டினத்தில் ஒரே உயரத்தை ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை கடக்கிறோம். அடுத்த சுற்றிலும் அதேதான். ஆகவே ஒவ்வொரு விடையோடும் முழுச் சுற்றுகளைக் கூட்டுங்கள். முழு எண்ணை இங்கே ம என்று எழுதுகிறேன். சைன் தீட்டா = 1/2-க்கு:

தீட்டா = 30° + 360° × ம
தீட்டா = 150° + 360° × ம

பாடப்புத்தகம் இந்த இரண்டையும் ஒரே வரியில் 180° × ம + ((−1)-இன் அடுக்கு ம) × 30° என்று சுருக்கியிருக்கும். ம இரட்டை எண்ணானால் 30° பக்கத்துப் புள்ளி, ஒற்றை எண்ணானால் 150° பக்கத்துப் புள்ளி. இரண்டு வரியை எழுதிப் புரிந்துகொண்ட பிறகு இந்தச் சுருக்கத்துக்குப் போங்கள். முதலிலேயே சுருக்கத்தைப் பிடித்தவர்கள் (−1) எங்கே வரும், ± எங்கே வரும் என்று காஸோடு குழப்பிக்கொள்கிறார்கள். காஸில் இரண்டு புள்ளிகளும் கிடை அச்சுக்கு மேலும் கீழும் சமமாக நிற்பதால், காஸ் தீட்டா = 1/2-க்கு 360° × ம ± 60° என்று வரும். டேனுக்கு 180° × ம கூட்டினால் போதும், ஏனென்றால் எதிர்ப்புள்ளியும் தீர்வுதான்.

7. உள்ளே 2 தீட்டா இருந்தால்

சைன் 2 தீட்டா = √3/2, தீட்டா 0°-லிருந்து 360°-க்குள். இதில்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் மதிப்பெண் விடுகிறார்கள். வட்டத்தில் 60°, 120° என்று கண்டுபிடித்து, இரண்டால் வகுத்து, 30°, 60° என்று முடித்துவிடுகிறார்கள். நான்கு விடைகளில் இரண்டு போய்விட்டன.

தீட்டா ஒரு சுற்றுச் சுற்றும்போது 2 தீட்டா இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே வட்டத்துக்குப் போகும் முன்பே இடைவெளியை இரட்டியுங்கள்: 2 தீட்டா 0°-லிருந்து 720°-க்குள். இரண்டு சுற்றிலும் கோட்டை வெட்டும் இடங்கள் 60°, 120°, 420°, 480°. இப்போது இரண்டால் வகுங்கள்: 30°, 60°, 210°, 240°.

வரிசை மிக முக்கியம். முதலில் இடைவெளியை விரியுங்கள், அடுத்துச் சுற்றுகளைக் கூட்டுங்கள், வகுப்பது கடைசியில். வகுத்துவிட்டுப் பிறகு 360° கூட்டினால் 390° கிடைக்கும், அது எல்லைக்கு வெளியே போய்விடும். நடுவில் இருந்த 210° கண்ணில் படாது.

8. சைனும் காஸும் கலந்து வந்தால்

2 சைன் தீட்டா காஸ் தீட்டா = சைன் தீட்டா. இரண்டு பக்கமும் சைன் இருக்கிறதே என்று அதை அடித்துவிடக் கை துடிக்கும். அடிக்காதீர்கள். சைன் தீட்டா 0 ஆக இருக்கக்கூடும், 0-ஆல் வகுக்க முடியாது. அடித்தால் அந்தத் தீர்வுகளும் சேர்ந்து போய்விடும். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள்:

சைன் தீட்டா × (2 காஸ் தீட்டா − 1) = 0

சைன் தீட்டா = 0 என்றால் 0°, 180°. காஸ் தீட்டா = 1/2 என்றால் 60°, 300°. ஆக ஒரு சுற்றில் நான்கு.

வர்க்கம் வந்தால் ஒரே சார்பாக மாற்றுங்கள். 2 காஸ்² தீட்டா + 3 சைன் தீட்டா = 3 என்பதில் காஸ்² தீட்டாவுக்குப் பதிலாக 1 − சைன்² தீட்டா என்று போடலாம். ஒழுங்குபடுத்தினால் 2 சைன்² தீட்டா − 3 சைன் தீட்டா + 1 = 0. சாதாரண இருபடிச் சமன்பாடுதான்: (2 சைன் தீட்டா − 1)(சைன் தீட்டா − 1) = 0. தரையில் இரண்டு கிடைக்கோடுகள், ஒன்று ஒரு கல் உயரத்தில், மற்றது இரண்டு கல் உயரத்தில். முதலாவது 30°, 150° தரும். இரண்டாவது உச்சியைத் தொட்டு 90° தரும்.

9. வர்க்கப்படுத்தினால் கட்டாயம் சரிபாருங்கள்

சைன் தீட்டா + காஸ் தீட்டா = 1. இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் 1 + 2 சைன் தீட்டா காஸ் தீட்டா = 1, ஆகவே சைன் தீட்டா காஸ் தீட்டா = 0. விடைகள் 0°, 90°, 180°, 270° என்று வரிசையாக வந்துவிடும். பார்க்க அழகாக இருப்பதால் அப்படியே எழுதிவிடுவார்கள்.

மூலச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். 0°: 0 + 1 = 1, சரி. 90°: 1 + 0 = 1, சரி. 180°: 0 − 1 = −1, தவறு. 270°: −1 + 0 = −1, தவறு. வர்க்கப்படுத்தும்போது −1-உம் 1 ஆகிவிடுவதால், நாம் கேட்காத சமன்பாட்டின் விடைகளும் உள்ளே நுழைந்துவிட்டன.

இதே கணக்கை வர்க்கமே இல்லாமல் தரையில் செய்யலாம். உயரமும் பக்கவாட்டுத் தூரமும் கூட்டினால் 1, அதாவது இரண்டு கல். அப்படிப்பட்ட புள்ளிகள் எல்லாம் ஒரு சாய்கோட்டின் மேல் இருக்கும். அது மையத்துக்கு வலப்பக்கம் இரண்டு கல் தள்ளிய மூலையில் தொடங்கி, ஒரு கல்லின் மூலைவிட்டம், அடுத்த கல்லின் மூலைவிட்டம் என்று ஏறி, மையத்துக்கு மேலே இரண்டாவது கல்லின் மூலையில் முடிகிறது. அதன் மேல் சாக்பீஸை வைத்து இழுத்து, வட்டத்துக்கு வெளியேயும் நீட்டிப் பாருங்கள். வலது ஓரத்தில் ஒரு வெட்டு, உச்சியில் ஒரு வெட்டு. இடது ஓரத்துக்கும் அடிக்கும் அந்தக் கோடு போகவே இல்லை.